வண்டலூர் ஹெரால்டும் நான்கு குழாய்களும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். சேலையூர்க்காரன். ஆறாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவன். இப்போது சிறுசேரியில் ஐ.டி. வேலை. வாசலில் நின்றது 2002ஆம் வருடத்து ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர் எஞ்சின், 106 குதிரைத்திறன். கார்ப் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் இன்றைக்கும் தேடி அலைந்து வாங்குகிற வண்டி. இவன் தேடி வாங்கவில்லை. "அப்பா வண்டி சார்" என்றான். அவனுடைய அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது.

காபி குடித்து முடித்ததும் போனை எடுத்து இரண்டு படங்களைக் காட்டினான். இரண்டும் ஹெடர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கார் எஞ்சினில் எரிந்த புகை வெளியே வருகிற துளைகளில் கம்பெனிக்காரர்கள் ஒரு மேனிஃபோல்டு மாட்டியிருப்பார்கள். பழைய வண்டிகளில் அது வார்ப்பிரும்பு. அதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளைக்கும் ஒரு தனிக் குழாய் வைத்து, நான்கையும் வளைத்துக் கொண்டுபோய்ப் பின்னால் ஒன்றாகச் சேர்ப்பார்கள். அதுதான் ஹெடர். வண்டியின் வேகம் கூடும் என்று போடுவது.

"ஒண்ணு 4-2-1, இன்னொண்ணு 4-1. எதப் போடலாம் சார்? நீங்கதான் சோழவரம் ரேஸ் எல்லாம் பாத்தவர்னு அப்பா சொல்லுவாரு."

நான் இயந்திரவியல் படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். ஆனால் இந்தக் கேள்வியை இதே தாம்பரத்தில் ஏறக்குறைய 50 வருடத்துக்கு முன்பே ஒருவர் கேட்டு, தப்பான பதிலைக் கண்டுபிடித்து, பிறகு சரியான பதிலையும் கண்டுபிடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கதையைத்தான் மாணவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

இன்றைக்கு வண்டலூர் என்றால் எல்லோருக்கும் மிருகக்காட்சி சாலைதான் நினைவுக்கு வரும். அது அங்கே வந்தது 1985ல். அதற்கு முன் தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் எங்களுக்கு அடையாளம் ஸ்டாண்டர்டு கம்பெனி. பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே இருந்த கார் தொழிற்சாலை. கிளாம்பாக்கம் பஸ் ஏறப் போகிற இன்றைய பிள்ளைகளுக்கு, நம் பக்கத்திலேயே ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்றால் நம்ப முடியாது. இப்போது கார் தொழிற்சாலை என்றால் ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர். அவைகளுக்கெல்லாம் மூத்தது இது.

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948ல் ஆரம்பிக்கப்பட்டது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டு. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் என்று வந்து, 1961ல் ஹெரால்டு வந்தது. கல்கத்தா பக்கத்து அம்பாசடர், பம்பாய் பியட், நம்மூர் ஹெரால்டு. அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் வாங்குகிறவனுக்கு இந்த மூன்றுதான்.

இங்கிலாந்தில் 1959ல் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டுதான் இதற்கு மூலம். உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலாட்டி. எஞ்சின் சின்னது, 948 சி.சி. நான்கு சிலிண்டர். இதில் மெக்கானிக்குகளுக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பானெட்டு மூடியை மட்டும் தூக்குகிற வண்டி இல்லை இது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் போல முன்னால் கவிழும். எஞ்சின் முழுசாக வெளியே தெரியும். முன்சக்கரத்தின் மேலே உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். வண்டியை நோண்டிப் பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு இதைவிட வசதியான கார் கிடையாது.

எங்கள் எதிர்வீட்டு அண்ணன் அந்தக் கம்பெனியில் பிட்டர். மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே லைனை ஒட்டிய தெரு எங்களுடையது. லீவு நாட்களில் அவர் ஒரு பந்தயக்காரரின் ஷெட்டுக்குப் போவார். அந்தப் பந்தயக்காரர் ஒரு பழைய ஹெரால்டை வாங்கி, பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சோழவரத்தில் ஓட்டுவதற்காகத் தயார் செய்துகொண்டிருந்தார். எனக்கு வயது 15, 16 இருக்கும். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பையனாக நானும் ஒட்டிக்கொண்டேன்.

சோழவரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, கல்கத்தா போகிற ரோட்டில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை. போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் ஆரம்பிக்கப்பட்ட பிறகு, அந்த ஓடுபாதையில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. வருடா வருடம் வெயில் ஏறுவதற்கு முன்னால் நடக்கும். ராஜா வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டுக் காரோடு வருவார்கள். பட்டறைப் பையன்கள் தாங்களே செய்த வண்டியோடு வருவார்கள். நாங்கள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனையில் பஸ் பிடித்து, கட்டுச்சோற்றோடு போவோம்.

இப்போது குழாய் விஷயத்துக்கு வருகிறேன்.

ஹெரால்டில் இருந்த மேனிஃபோல்டு கட்டையான வார்ப்பிரும்பு. நான்கு துளையிலிருந்தும் வருகிற புகை உடனே ஒரே அறைக்குள் கொட்டும். தாம்பரம் ஸ்டேஷனில் நான்கு பிளாட்பாரத்திலும் ஒரே நேரத்தில் வண்டி வந்து, எல்லோரும் ஒரே படிக்கட்டில் ஏறினால் எப்படி இருக்கும்? ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்போம் இல்லையா, அதே கதைதான். ஒரு சிலிண்டரின் புகை அடுத்த சிலிண்டரின் வாயில் போய் முட்டும்.

கம்பெனிக்காரனுக்கு இது தெரியாமல் இல்லை. வார்ப்பிரும்பு மலிவு, விரிசல் விடாது, சத்தத்தை அடக்கும், 20 வருடம் உழைக்கும். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற வண்டிக்கு அது போதும்.

இங்கிலாந்தில் இதே எஞ்சின் குடும்பத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஹெரால்டின் அடித்தளத்திலிருந்துதான் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்கிற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. 948 சி.சி. எஞ்சினை 1147 சி.சி. ஆக்கினார்கள். முதல் ஸ்பிட்ஃபயரில் 63 குதிரைத்திறன். 1965ல் ஓடிய இரண்டாம் ஸ்பிட்ஃபயரில் கம்பெனியே வார்ப்பிரும்பை எடுத்துவிட்டுக் குழாய் மேனிஃபோல்டு போட்டது. திறன் 67 ஆனது. ஆனால் அந்த நான்கும் குழாயால் மட்டும் வந்ததல்ல. கேம்ஷாஃப்டையும் மாற்றினார்கள், காற்று உள்ளே போகிற மேனிஃபோல்டையும் மாற்றினார்கள். மூன்றும் சேர்ந்துதான் நான்கு. இன்றைக்கு ஹெடர் விற்கிறவர்கள் 15 குதிரை கூடும், 20 குதிரை கூடும் என்று சொல்லும்போது இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதிரிச் சாமான்கள் இங்கிலாந்தில் கடையில் கிடைத்தன. நமக்கு? அது லைசென்ஸ் காலம். வெளிநாட்டு உதிரி பாகம் இறக்குமதி செய்வது சாமானியனால் முடிகிற காரியமா? அதனால் பட்டறையில் நாமே செய்ய வேண்டும். புதுப்பேட்டையில் குழாய் தேடுவது, கிண்டி எஸ்டேட்டில் தெரிந்தவரைப் பிடித்து வெட்டி வளைப்பது, கேஸ் வெல்டிங் வைப்பது. இரும்புக் குழாயைச் சும்மா வளைத்தால் வளைகிற இடத்தில் நசுங்கிவிடும். அதனால் ஒரு முனையை அடைத்து, நன்றாகக் காய்ந்த மணலை இறுக்கமாக நிரப்பி, மறு முனையையும் அடைத்து, சிவக்கக் காய்ச்சி வளைப்பார்கள். மணலில் ஈரம் இருந்தால் நீராவி அழுத்தத்தில் அடைப்பு துப்பாக்கிக் குண்டு மாதிரித் தெறிக்கும். அதனால் மணலை முதலில் வாணலியில் வறுப்பார்கள். வறுத்தது நான்.

அண்ணன் செய்த முதல் ஹெடர் பார்க்கவே கம்பீரமாக இருந்தது. ஒவ்வொரு குழாயும் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் தடிமன். "பெரிய குழாயா இருந்தா புகை தாராளமாப் போகும்டா தம்பி" என்றார். கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? நான்கும் நேராக ஓரிடத்தில் சேரும்படி செய்தார். இன்றைய பாஷையில் 4-1. ஸ்டார்ட் செய்தபோது தெருவே அதிர்ந்தது. எனக்குப் புல்லரித்தது.

சோழவரத்தில் பயிற்சி ஓட்டத்தில் தெரிந்தது விஷயம். நேர்ப்பாதையின் கடைசியில், எஞ்சின் அலறுகிற வேகத்தில், வண்டி நன்றாகப் போனது. ஆனால் ஓடுபாதையின் முனையில் பிரேக் அடித்துத் திரும்பி மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி இருமியது. முக்கிக்கொண்டு நின்றது. பழைய வார்ப்பிரும்பு மாட்டியிருந்த பியட்டுகள் பக்கத்தில் சர்ரென்று போயின. அந்தப் பந்தயக்காரர் ஒன்றும் திட்டவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "மேல இருக்கு, கீழ இல்ல" என்று மட்டும் சொன்னார். அண்ணன் முகம் சுண்டிப் போனது.

ஏன் அப்படி ஆனது? ஆசிரியராகி, அலைகள் பாடம் நடத்த ஆரம்பித்த பிறகுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது.

பெருங்களத்தூர் மாதிரி ஒரு சின்ன ஸ்டேஷனில் நில்லுங்கள். எக்ஸ்பிரஸ் நிற்காமல் போகும். போன பிறகு பிளாட்பாரத்தில் கிடக்கிற காகிதமெல்லாம் ரயில் பின்னாலேயே இழுத்துக்கொண்டு ஓடும், பார்த்திருப்பீர்கள். வேகமாகப் போகிற பொருள் தனக்குப் பின்னால் ஒரு இழுவையை விட்டுச் செல்கிறது. குழாயில் போகிற புகையும் அப்படித்தான். வேகமாகப் போனால், பின்னால் சிலிண்டரில் மிச்சம் இருக்கிற புகையையும் சேர்த்து இழுத்துப் போகும். அந்த இடத்துக்குப் புதுக் காற்று வரும். குழாய் தேவைக்கு மேல் அகலமாக இருந்தால் புகை மெதுவாக ஊர்ந்து போகும், இழுவை இருக்காது. எஞ்சினுக்குப் புகையைத் தடுக்கிற அழுத்தம் வேண்டும், அதனால்தான் குறுகிய குழாய் நல்லது என்று இன்றும் சில மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். அது சரியில்லை. எஞ்சினுக்கு வேண்டியது தடை இல்லை, புகையின் வேகம்.

இன்னொன்று, நீளம். வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் கிளம்பும். குழாய்கள் சேருகிற அகலமான இடத்துக்குப் போனதும் அது தலைகீழாகி, உறிஞ்சுகிற அலையாகத் திரும்பி வரும். சரியான நேரத்தில் வால்வுக்குத் திரும்பினால் சிலிண்டரைத் துடைத்து எடுத்துவிடும். நேரம் தப்பினால் பயன் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு 10 மில்லி வினாடி. அலை போய்த் திரும்புவதற்கு கிராங்க் 120 பாகை சுற்றும் நேரம் தரலாம் என்று வைத்துக்கொள்வோம். அது 3.33 மில்லி வினாடி. சூடான புகையில் அலையின் வேகம் வினாடிக்கு 500 மீட்டர் என்று வைத்தால், அந்த நேரத்தில் 1.67 மீட்டர் போகும். போகவும் வரவும் சேர்த்து என்பதால் குழாய் நீளம் அதில் பாதி, சுமார் 83 சென்டிமீட்டர். இப்போது அதே கணக்கை 3,000 சுற்றுக்குப் போடுங்கள். நேரம் இரண்டு மடங்கு, நீளமும் இரண்டு மடங்கு, 1.67 மீட்டர். ஆக, ஒரு குழாய் எல்லா வேகத்துக்கும் உதவாது. எந்த வேகத்தில் எஞ்சின் இழுக்க வேண்டும் என்று நாம் முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கேற்ற குழாயைத்தான் தேட வேண்டும்.

அண்ணனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் கை தெரியும், காது தெரியும். அடுத்த பந்தயத்துக்கு முன்னால் முதல் ஹெடரை அறுத்துப் போட்டுவிட்டு வேறு செய்தார். இந்த முறை குழாய் ஒன்றேகால் அங்குலம்தான். நீளம் அதிகம். எஞ்சின் வெடிக்கிற வரிசை 1-3-4-2. அதில் ஒன்றும் நான்கும் அடுத்தடுத்து வராது, இரண்டும் மூன்றும் அடுத்தடுத்து வராது. அதனால் ஒன்றையும் நான்கையும் ஒரு ஜோடியாக, இரண்டையும் மூன்றையும் ஒரு ஜோடியாகச் சேர்த்து, பிறகு அந்த இரண்டையும் ஒன்றாக்கினார். அதுதான் 4-2-1. ஒருவர் புகை இன்னொருவர் வாயில் முட்டாது. ஜோடி சேர்ந்த பிறகும் குழாய் நீளுவதால் நடு வேகத்திலும் இழுவை கிடைக்கும்.

இன்னும் இரண்டு சில்லறைத் தொல்லை வந்தது. ஹெரால்டு எஞ்சினில் காற்று போகிற மேனிஃபோல்டும் புகை வருகிற மேனிஃபோல்டும் ஒரே பக்கம். ஒரே கிளாம்பு இரண்டையும் சேர்த்து அழுத்தும். புது ஹெடரின் பிளேஞ்சுத் தகடு பழைய மேனிஃபோல்டின் தகட்டைவிட மெல்லியதாக இருந்ததால் கிளாம்பு ஒரு பக்கம் மட்டும் அழுத்தி, மறு பக்கம் புகை கசிந்தது. தகட்டை மாற்றி இரண்டும் ஒரே கனம் ஆன பிறகுதான் கசிவு நின்றது. இரண்டாவது, புகை நன்றாக இழுக்கப்பட்டதால் காற்று அதிகம் உள்ளே வந்தது. பெட்ரோல் பழைய அளவுதான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாக இருந்தது. எரிபொருள் போதவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் வால்வு கருகும். கார்புரேட்டர் ஜெட்டை அடுத்த அளவுக்கு மாற்றி, பிளக் காபிக்கொட்டை நிறத்துக்கு வந்ததும் அண்ணன் சிரித்தார்.

அந்தப் பந்தயத்தில் பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. நடுவில்தான் வந்தோம். ஆனால் அந்த முனையில் திரும்பியதும் வண்டி இழுத்தது. பந்தயக்காரர் இறங்கி வந்து அண்ணனின் தோளில் தட்டினார். ரயிலில் திரும்பி வரும்போது அண்ணன் அதைப் பற்றி மீனம்பாக்கம் வரை பேசிக்கொண்டே வந்தார்.

பிறகு காலம் மாறியது. ஹெரால்டு நின்று, கேஸல் வந்து, அதுவும் 1977ல் நின்றது. 1985ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. வெளியே பார்த்தால் இங்கிலாந்தின் ரோவர், உள்ளே பழைய வான்கார்டு காலத்து எஞ்சின். அதற்குள் மாருதி வந்துவிட்டது. 1988ஓடு ஸ்டாண்டர்டின் கார் உற்பத்தி முடிந்தது. எங்கள் தெருவில் காலைச் சங்கு கேட்டு மணி பார்த்தவர்கள் கடிகாரம் பார்க்கப் பழகினார்கள்.

சோழவரமும் முடிந்தது. 1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறந்தார்கள். கோவையில் கரிவரதன் மாருதி 800ன் மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைச் செய்தார். 796 சி.சி.தான். மூன்று சிலிண்டரில் வெடிப்புகள் சம இடைவெளியில் தள்ளித் தள்ளி வரும், அதனால் மூன்று குழாயையும் நேராக ஒன்றில் சேர்த்தாலும் ஒன்றுக்கொன்று அவ்வளவாக இடிக்காது. எஞ்சினுக்குத் தகுந்த குழாய் என்பதற்கு இதுவும் ஒரு பாடம். கரிவரதன் 1995ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். அந்த ஃபார்முலா மாருதியில் ஸ்ரீபெரும்புதூரில் முதல் பந்தயம் ஓட்டிய பையன் நரேன் கார்த்திகேயன், 2005ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். 2024ல் நம் தீவுத்திடலைச் சுற்றி இரவில் பந்தயம் நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் மாணவன், "அப்ப 4-2-1தானே சார்?" என்றான்.

"அவசரப்படாதடா. நீ எங்க ஓட்டுற?" என்றேன்.

சேலையூரிலிருந்து சிறுசேரி. வேளச்சேரி ரோடு, மேடவாக்கம் நெரிசல், பிறகு ஓ.எம்.ஆர். எஞ்சின் 2,000, 3,000 சுற்றுக்கு மேல் போவதே அபூர்வம். வருடத்தில் இரண்டு நாள் இருங்காட்டுக்கோட்டையில் ஓட்ட ஆசை. அவனுக்கு 4-1 போட்டால் அண்ணனின் முதல் ஹெடர் கதைதான். 363 நாள் இருமல், இரண்டு நாள் சந்தோஷம்.

அடுத்தது நான் கேட்டது: "அப்பா வண்டிக்கு ஆர்.சி. எப்போ புதுப்பிக்கணும்?" அடுத்த வருடம் என்றான். 15 வருடம் தாண்டிய சொந்தக் கார்களை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ.வில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

எங்கள் ஹெரால்டு காலத்தில் புகைக்குழாய்க்கு ஒரே வேலை, புகையை வெளியே தள்ளுவது. 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆனது. நச்சுப் புகையைப் பாதி வழியிலேயே சுத்தம் செய்கிற பாகம் அது. பிறகு ஆக்ஸிஜன் சென்சாரும் வந்தது. அது புகையை முகர்ந்து பார்த்துத்தான் எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் பெட்ரோல் அளவைச் சொல்கிறது. அண்ணன் பிளக் நிறம் பார்த்துச் செய்த வேலையை இப்போது அது செய்கிறது. மாணவன் படம் காட்டிய கடையில், கன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டால்தான் ஹெடர் வேலை செய்யும் என்று சொல்லியிருக்கிறார்கள். புகைச் சோதனையில் வண்டி நிற்குமா என்று அவர்கள் சொல்லவில்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சோழவரம் காலத்தில் அதே வண்டியை மறுநாள் ரோட்டிலும் ஓட்டினார்கள் என்பது உண்மைதான். அன்றைக்கு ரோட்டில் இருந்த வண்டி எத்தனை, இன்றைக்கு எத்தனை? எங்கள் தெருவில் இருதய அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ராத்திரி 11 மணிக்கு யாரோ ஒரு பையன் நேர்க்குழாய் போட்ட வண்டியில் போகும்போது அவர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். 15 வயதில் அந்தச் சத்தத்துக்குப் புல்லரித்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன்.

ஆகவே மாணவனுக்கு நான் சொன்னது இது. ரோட்டில் ஓடுகிற வரைக்கும் அப்பாவின் வண்டியில் கம்பெனி மேனிஃபோல்டே இருக்கட்டும். வால்வு இடைவெளி, பிளக், காற்று பில்டர், சைலன்சர் கசிவு, இவற்றைச் சரிபார். 20 வருடம் தாண்டிய வண்டியில் இழந்த திறனை மீட்டாலே புதுசாகச் சேர்த்த மாதிரி இருக்கும். நாளைக்கு ஒரு வண்டியைத் தடத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினால், அப்போது ஹெடர் வாங்கு. வாங்கும்போது சத்தத்தைக் கேட்டு வாங்காதே. எந்த வேகத்தில் இழுக்க வேண்டும் என்று முடிவு செய். குழாயின் உள் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து கேள். வளைவில் நசுங்கியிருக்கிறதா பார். பிளேஞ்சு கனமாக, நேராக இருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பார். வெல்டிங் துளைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் விரலை விட்டால் தெரியும், அதை வாங்காதே. சென்சாருக்கு இடம் விட்டிருக்கிறார்களா பார். மாட்டிய பிறகு எரிபொருள் அளவைச் சரி செய்ய வேண்டிய செலவையும் சேர்த்துக் கணக்குப் போடு. கழற்றிய பாகத்தைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடாமல் பரண் மேல் வை.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பெரிய குழாயா இருந்தா நல்லா போகும்னுதான் சார் நானும் நெனச்சேன்" என்றான். எங்கள் அண்ணனும் அப்படித்தான் நினைத்தார் என்றேன். சிரித்துவிட்டுக் கிளம்பினான். முடிவு என்ன என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தெருமுனையில் திரும்பும்போது வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று வாசலில் நின்று காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய அப்பா அந்த வண்டியை நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறார்.

அண்ணன் இப்போது இல்லை. அவர் அறுத்துப் போட்ட முதல் ஹெடரின் ஒரு குழாய் வெகு நாள் அவர் வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தலுக்குக் காலாக நின்றது.

இதைப் படிப்பவர்களில் பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டில் வேலை பார்த்தவர்களோ, அவர்கள் பிள்ளைகளோ இருந்தால், உங்கள் நினைவுகளைக் கீழே எழுதுங்கள். சோழவரம் பந்தயப் புகைப்படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள். நம் ஊரில் கார் செய்தார்கள், அதை நம் பிள்ளைகள் பந்தயத்தில் ஓட்டினார்கள் என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரிய வேண்டும்.